பிஞ்சு நெஞ்சின் மூச்சை அளப்பது எப்படி?

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்த கையோடு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அடுப்பு மூட்டணும், சோறு பொங்கணும் என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கும். அதனால் நீட்டி முழக்க மாட்டோம். விசயத்துக்கு வருகிறோம்.

போன மாதக் கிளினிக்கில் டொக்டர் ஐயா சில பிள்ளைகளுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனை. இராத்திரியில் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளைக்கு, இரவு முழுக்கத் தூங்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை. அதில் இரண்டு துண்டு இன்னும் ட்ரங்குப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டோம். காரணம் கேட்டோம். "தலையில வயர ஒட்டி கரண்ட் விடுவாங்களாமே ஐயா" என்றார் ஒரு அம்மா. "ஊத வச்சா பிள்ளைக்கு நெஞ்சு வெடிச்சுப் போகுமாம்" என்றார் இன்னொருவர். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். இந்த மூன்றைப் பற்றியும் பேசத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்று கிலோ நிறையுள்ள பிறந்த பிள்ளை ஒரு தடவை மூச்சு இழுத்தால் உள்ளே போகும் காற்று சுமார் 20 மில்லிலீற்றர்தான். நாலு தேக்கரண்டி அளவு. அந்த நாலு கரண்டிக் காற்றை வைத்துக்கொண்டுதான் அந்த உயிர் ஓடுகிறது. அதனால்தான் பெரியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை விடும் மூச்சை, பச்சைப் பிள்ளை முப்பது நாற்பது தடவைக்கு மேலே விடுகிறது.

குழாயும் சின்னது. நம்ம பீலியை நினைத்துப் பாருங்கள். பெரிய குழாயில் கொஞ்சம் பாசி பிடித்தால் தண்ணீர் வருவது அவ்வளவாகக் குறையாது. சின்னக் குழாயில் அதே அளவு பாசி பிடித்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பச்சைப் பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய நாலு மில்லிமீற்றர் அகலம். சளிக் காய்ச்சலில் அதன் உட்சுவர் சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் வீங்கினால் மிஞ்சுவது இரண்டு மில்லிமீற்றர். அகலம் பாதியானால் காற்றுப் போகும் பரப்பு காலாகிவிடும், அதாவது நாலில் மூன்று பங்கு அடைபட்டுப் போகும். நமக்கு மூக்கடைப்பாகத் தெரிகிற தடிமன் கைக்குழந்தைக்கு உயிர்ப் போராட்டமாக மாறுவது இதனால்தான். "எனக்கும் அதே தடிமன்தான், எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்று தகப்பன்மார் சொல்லக்கூடாது.

இன்னொரு விசயமும் உண்டு. சுவாசப்பைக்குள்ளே காற்று தங்கும் குட்டிக் குட்டி அறைகள் இருக்கின்றன. பிறக்கும்போது சில கோடி அறைகள்தான் இருக்கும். வளர்ந்த ஆளுக்குச் சுமார் 30 கோடி. அவற்றில் பெரும் பகுதி உண்டாவது முதல் இரண்டு மூன்று வருசத்திலேதான். அந்தக் காலத்தில் புகை, அடிக்கடி நெஞ்சுச் சளி, சத்துக் குறைவு என்று வந்தால் கட்டுமானம் குறையும். பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் முழுவதையும் திரும்பக் கட்ட முடியாது.

அப்படியானால் அளந்து பார்க்க வேண்டும் அல்லவா? நிறையை அளக்கிறோம், திரிபோஷா கொடுக்கிறோம், உயரத்தைச் சுவரில் குறிக்கிறோம். மூச்சை எப்படி அளப்பது?

சில்லறை செலவில்லாத அளவு ஒன்று உண்டு. எண்ணுவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பப்புவா நியூகினி என்ற நாட்டில் கொரோக்கா என்று ஒரு மலைநாட்டு ஊர். நம்மைப்போலக் குளிர், சுற்றிவரக் காப்பித் தோட்டங்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்த பிராங்க் ஷான் என்ற குழந்தை வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் எக்ஸ்றே இல்லாத இடத்தில் நியுமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராய்ந்தார்கள். வேகமான மூச்சும், மூச்சு இழுக்கும்போது உள்ளே குழிந்துபோகும் நெஞ்சும்தான் நல்ல அடையாளம் என்று கண்டார்கள். அந்த வழியில்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்கும் கணக்கு வகுத்துக் கொடுத்தது. மருத்துவிச்சி அம்மா பையில் வைத்திருப்பதும் அந்தக் கணக்குத்தான்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் 40. இந்த மூன்று எண்ணையும் பிள்ளைக்காம்பராச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும்படி கேட்டிருக்கிறோம்.

எண்ணும்போது பிள்ளை அழக்கூடாது, பால் குடிக்கக்கூடாது. மடியில் அமைதியாக இருக்கணும், தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையை உயர்த்திவிட்டு வயிறு எழும்பி இறங்குவதைப் பாருங்கள். எழும்பி இறங்கினால் ஒன்று. போனில் மணி பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்கு வழி சரிவராது. பச்சைப் பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாகப் போகும், ஐந்து பத்து செக்கன் நிற்கும், திரும்ப ஓடும். இது பல குழந்தைகளுக்கு, முக்கியமாகக் குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கு இயல்பு. ஆனால் 20 செக்கன் நின்றாலோ, நிற்கும்போது பிள்ளை நீலம் பாய்ந்தாலோ, துவண்டு போனாலோ அது இயல்பல்ல. அந்த நேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூடாது. அதேமாதிரி விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகிக்கொண்டு மூச்சு விடுவது, பால் குடிக்க முடியாமற் போவது. எந்த நேரமாயிருந்தாலும் எங்கள் வாசலுக்கு வாருங்கள். வாகனத்துக்கு நாங்கள் பொறுப்பு.

விரலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வெளிச்சம் எரியும். கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமாகிவிட்டது. அதன் அடிப்படையைக் கண்டுபிடித்து 1974 இல் வெளியிட்டவர் ஜப்பான்காரர், தக்குவோ அவோயாகி. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நூற்றுக்கணக்கில் காட்டும். 95க்கு மேலே இருப்பது வழமை. 90க்குக் கீழே போனால் தாமதிக்கவே கூடாது. குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் பிழையாகக் காட்டும். நம்ம ஊர் மார்கழிக் குளிரில், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இனி ஊதிப் பார்க்கும் பரிசோதனை. நெஞ்சு வெடிக்கும் என்பது வெறும் வதந்தி. பிறந்தநாள் மெழுகுதிரியை ஊதி அணைக்கும் வேலைதான். சில ஆஸ்பத்திரிகளில் கம்பியூட்டர் திரையிலேயே மெழுகுதிரியைக் காட்டி, "ஊது கண்ணா, எல்லாத்தையும் அணை" என்பார்கள். பிள்ளை நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து, உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். முதல் ஒரு செக்கனில் எவ்வளவு வெளியே வந்தது, மொத்தமாக எவ்வளவு வந்தது என்று இயந்திரம் கணக்குப் பார்க்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்குக் குழாய் சுருங்கியிருப்பதால் முதல் செக்கனில் குறைவாக வரும். பிறகு பம்ப் மருந்து கொடுத்து, கால் மணித்தியாலம் உட்காரவைத்து, திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் செக்கன் காற்று நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் கூடினால், சுருங்கிய குழாய் மருந்தால் திறக்கிறது என்று அர்த்தம். அது இழுப்பு வருத்தத்தின் பெரிய அத்தாட்சி. சும்மா இருமலுக்கு மாதக்கணக்கில் பாணி மருந்து குடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அரை மணி நேரம் எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து ஆறு வயதானால்தான் இதைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகச் செய்வார்கள். மூன்று தடவையாவது சரியாக ஊத வேண்டும். சில பிள்ளை பயந்து அழும், சில பிள்ளை குழாய்க்குள் சிரிக்கும். அன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள். வீட்டிலே சோடாக் குழலை வைத்துத் தண்ணீருக்குள் ஊதிப் பழக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

இதற்குச் சின்னத் தம்பி ஒன்று இருக்கிறது. கையில் பிடித்து ஊதும் பிளாஸ்டிக் மீற்றர். ஊதினால் முள் நகரும். மார்ட்டின் ரைட் என்ற ஆங்கில வைத்தியர் 1959 இல் கொண்டுவந்த கருவியின் சின்ன உருவம் அது. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையே வீட்டில் வைத்து ஊதலாம். நல்லா இருக்கும்போது அந்தப் பிள்ளை ஊதும் உச்ச அளவைக் குறித்து வைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்தால் பயமில்லை. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருந்தால் டொக்டர் சொன்ன மருந்தைக் கூட்ட வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் பம்ப் மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவோடு ஒப்பிடக்கூடாது. நம்ம பிள்ளையின் நேற்றைய அளவோடு இன்றைய அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊதும் இயந்திரத்தைப் பற்றி ஒரு பழைய கதை சொல்லவேண்டும், ஏனென்றால் நமக்கு அதில் ஒரு வழக்கு இருக்கிறது. இதை முதலில் செய்தவர் லண்டனில் இருந்த ஜோன் ஹட்சின்சன் என்ற வைத்தியர். 1846 இல் அவர் தன் கணக்கை வெளியிட்டார். கடலோடிகள், பொலிஸ்காரர், தீயணைப்புக்காரர், ஏழை எளியவர் என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊதவைத்தார். அவர் கண்ட பெரிய உண்மை என்னவென்றால், ஆளின் உயரம் கூடக்கூட நெஞ்சுக் காற்றும் கூடுகிறது. இன்றைக்கும் ஊதும் முன்னே உங்கள் பிள்ளையின் உயரத்தை அளப்பது அதற்காகத்தான். வயது, உயரம், ஆணா பெண்ணா, இதை வைத்து "இந்தப் பிள்ளை இவ்வளவு ஊத வேண்டும்" என்று இயந்திரம் ஒரு எண்ணைத் தரும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? 2012 இல் உலகத்தின் பல நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்து 74 ஆயிரம் ஆரோக்கியமான ஆட்களின் அளவுகளை ஒன்றுசேர்த்து, 3 வயதிலிருந்து 95 வயது வரைக்கும் ஒரு பெரிய அட்டவணை செய்தார்கள். அந்த அட்டவணையில் நம்ம தெற்காசியப் பிள்ளைகளுக்கென்று தனியான கணக்கு இல்லை. நம்பகமான தகவல் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். 2023 இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம், இனவாரியாகக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான அளவைப் பாவிக்கும்படி சொன்னது. அது ஒரு முன்னேற்றம்தான்.

எங்கள் மனக்குறை வேறு. 2016 ஆம் ஆண்டு இலங்கைக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். உயரம் குறைந்த நம்ம பிள்ளையை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால், அது உயரத்தைப் பார்த்து, "இந்த உயரத்துக்கு இந்த மூச்சு போதும், சரி" என்று எழுதிவிடும். உயரம் ஏன் குறைந்தது என்று அது கேட்காது. சரி என்று வந்த கடதாசியைப் பார்த்துச் சந்தோசப்படுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உயரக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்டிருக்கிறோம். அவரும் சம்மதித்திருக்கிறார்.

சரி, ஊதச் சொன்னால் ஊதத் தெரியாத கைக்குழந்தைக்கு என்ன செய்வது? தூங்கும்போது அளப்பார்கள். வயிறு நிறையப் பால் கொடுத்து, தூங்கினதும் முகத்தில் மெத்தென்ற ஒரு மூடியை வைத்து, மூச்சு போகும் வேகத்தையும் வரும் வேகத்தையும் பார்ப்பார்கள். சில நாடுகளில் பிள்ளைக்கு ஒரு காற்றுச் சட்டை போட்டு, அது மெல்ல நெஞ்சை அணைத்து அமுக்க, பிள்ளைக்குப் பதிலாக இயந்திரமே மூச்சை வெளியே தள்ளும். இதெல்லாம் உலகத்தில் சில இடங்களில்தான் நடக்கிறது. தென்னாபிரிக்காவில் பார்ல் என்ற ஊர், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பக்கம். அங்கே ஆறு வாரக் குழந்தைகளை மயக்க மருந்தே கொடுக்காமல், சாதாரணத் தூக்கத்தில் அளந்திருக்கிறார்கள்.

கானாவில் கின்டாம்போ என்ற இடத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கர்ப்பிணித் தாய்மாரின் உடுப்பில் சின்னக் கருவியைக் குத்தி, விறகடுப்புப் புகையில் அவர்கள் எவ்வளவு நச்சு வாயுவைச் சுவாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிள்ளை பிறந்து முப்பது நாளில் தூக்கத்தில் மூச்சை அளந்தார்கள். புகை கூடிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, மூச்சின் தரம் குறைந்திருந்தது. 2019 இல் இது வெளிவந்தது. பிள்ளை வெளிக்காற்றையே குடிக்க முன்னம், வயிற்றுக்குள்ளேயே புகை போய்ச் சேர்ந்துவிட்டது!

இப்போது நம்ம லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. இரட்டை லயமென்றால் பின்பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது, ஜன்னல் வைக்க வழியில்லை. இஸ்தோப்பை அடைத்துக் குசினி ஆக்கியிருக்கிறோம். காலை நாலரைக்கு எழும்பி, மழைக்கு நனைந்த தேயிலை மிளாறை அடுப்பில் வைத்து ஊதுகிறோம். 2022 இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது, விலை ஏறியது எல்லாம் ஞாபகம் இருக்கும். ரொட்டிக்காவது கேஸ் பாவித்த வீடுகளும் அப்போது விறகுக்குத் திரும்பின.

குவாத்தமாலா நாட்டின் மலைப் பகுதியில், ஏழைக் குடும்பங்களின் திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளை ஊதவைத்து அளந்தபோது, பிறந்த காலத்திலேயே புகைபோக்கி கிடைத்த வீட்டுப் பிள்ளைகளின் ஊதும் வேகம், பிந்திக் கிடைத்தவர்களைவிட நன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி அழகாக வரவில்லை, அதையும் மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கங்களிலும் வேறு மூன்று நாடுகளிலும் 3,200 கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இலவசக் கேஸ் அடுப்பும் கேஸும் கொடுத்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பிறப்பு நிறையோ கடும் நியுமோனியாவோ எதிர்பார்த்தபடி மாறவில்லை. புகையை மட்டும் குறைத்து, சத்துக் குறைவையும் நெருக்கடியையும் அப்படியே விட்டால் போதாது என்றுதான் நாங்கள் அதை விளங்கிக்கொள்கிறோம். அடுப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று யாரும் கையைத் தட்டிக்கொள்ள வேண்டாம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இதற்கிடையில் நம்ம கையில் இருப்பதைச் செய்யலாம். பிள்ளை குளித்ததும் தலையில் சாம்பிராணிப் புகை காட்டுகிறோமே, அதை விட்டுவிடுங்கள். பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். தலையைத் துணியால் நன்றாகத் துடைத்தால் போதும். பீடி, சுருட்டை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். விறகை அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்துப் பாவித்தால் புகை குறையும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் தேயிலைத் தூசு படிந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்கவேண்டாம். தேயிலைத் தூசால் தொழிலாளருக்கு இழுப்பு வருவதைக் கொழும்பு மார்பு நோய் வைத்தியர் ஊரகொட 1970 இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

இனி இராத்திரி விசயம். இதுதான் அந்த ட்ரங்குப் பெட்டித் துண்டு.

குறட்டை விட்டால் பிள்ளை நல்ல தூக்கம் என்று நினைக்கிறோம். "அப்பன் மாதிரியே கொறட்ட" என்று சிரிக்கிறோம். தடிமன் பிடித்தால் இரண்டு மூன்று நாள் குறட்டை வரும், அதை விடுங்கள். கிழமையில் பாதி நாளுக்கு மேல், தடிமன் இல்லாமலே குறட்டை விடுகிற பிள்ளையைக் கவனிக்க வேண்டும். மூக்குக்குப் பின்னால் வளரும் சதையும், தொண்டையில் இரண்டு பக்கமும் உள்ள டொன்சிலும் பெருத்து, படுத்ததும் மூச்சு வழியை அடைக்கும். நெஞ்சும் வயிறும் இழுத்து இழுத்துப் பார்க்கும், காற்று போகாது. குறட்டை சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு திடுக்கிட்டு, "ஹா" என்று இழுத்துப் புரண்டு படுக்கும். இரவில் இப்படிப் பல தடவை. சிலர் இதைப் பேய் அமுக்குகிறது என்று தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்தைக் கட்டுவதென்றால் கட்டுங்கள், ஆனால் கிளினிக்குக்கும் வாருங்கள்.

அந்தப் பிள்ளை கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கும், குளிரிலும் வியர்க்கும், நிறுத்தின வயதுக்குப் பிறகும் பாயை நனைக்கும், வாயைத் திறந்துகொண்டே திரியும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கு எதிர்மாறு. ஒரு இடத்தில் இருக்காது, அடம்பிடிக்கும், வாத்தியார் சொல்வது மண்டையில் ஏறாது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் "மக்கு", "குழப்படி" என்று பின் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களில் எத்தனை பேர் இரவில் மூச்சுக்குப் போராடிவிட்டு வந்தவர்களோ!

அந்த இரவுப் பரிசோதனையில் என்ன நடக்கும்? ஒரு அறை, ஒரு கட்டில், பக்கத்தில் தாய்க்கு இடம். பிள்ளையின் தலையில், கண் ஓரத்தில், நாடியில் பசையால் சின்னச் சின்ன வயர்களை ஒட்டுவார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் துணிப் பட்டி. மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய். விரலில் அந்தச் சிவப்பு வெளிச்சம். அவ்வளவுதான். ஊசி இல்லை, மயக்கம் இல்லை. வயர் வழியாகப் பிள்ளைக்குள் கரண்ட் போவதில்லை. பிள்ளையின் மூளையும் இருதயமும் உண்டாக்கும் நுண்ணிய கரண்ட்தான் வெளியே வந்து கடதாசியில் கோடாக விழுகிறது. தராசு கொழுந்தை எடுத்துக்கொள்வதில்லை, நிறையைத்தான் சொல்லும். அதேபோல.

காலையில் கணக்குப் பார்ப்பார்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு அடைபட்டது என்று. பெரியவர்களுக்கு ஐந்து வரைக்கும் பொறுப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் போனாலே யோசிப்பார்கள். பெரியவர்களுக்குப் பத்து செக்கன் நின்றால்தான் கணக்கு, பிள்ளைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. எல்லா இடத்திலும் முழு வசதி இல்லாததால், விரல் கருவியை மட்டும் இரவு முழுக்க மாட்டி, ஒட்சிசன் எத்தனை தடவை கும்பலாக விழுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தார் ஒழுங்குபடுத்திய முறை அது. விழுந்தால் வருத்தம் உண்டு என்று துணிந்து சொல்லலாம். விழாவிட்டால் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

துண்டு வந்தால் உடனே கத்தி வைப்பார்கள் என்று பயப்படவேண்டாம். அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 2013 இல் வந்த முடிவு இது. டொன்சிலை எடுத்தவர்களில் ஏழு மாதத்தில் நூற்றுக்கு 79 பேருக்குத் தூக்க மூச்சு சீரானது. எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தவர்களிலும் நூற்றுக்கு 46 பேருக்குத் தானாகவே சீரானது. அதனால் யாருக்கு வேண்டும், யார் பொறுக்கலாம் என்று தீர்மானிக்கத்தான் அளவு வேண்டும். அளக்காமல் ஒளித்து வைத்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மல்லாக்கப் படுக்க வையுங்கள். சேலைத் தொட்டிலில் போட்டால் நாடி நெஞ்சில் முட்டாமல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், முட்டினால் மூச்சு வழி மடங்கிவிடும். முகத்தைக் கம்பளியால் மூடவேண்டாம்.

இனி மூன்றாவது காரணம். பேர். இந்த வருசம் ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடிய மூன்றரைக்கு இறங்கி பஸ் பிடித்துப் போனார். போன இடத்தில், பிள்ளைக்குத் தடிமன் இருப்பதால் இன்றைக்கு ஊத முடியாது, வேறு திகதிக்கு வா என்று திருப்பிவிட்டார்கள். பஸ் காசும் போய், பேரும் போய்த் திரும்பிவந்தார். இரண்டாவது திகதிக்கு அவர் போகவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தடிமன், காய்ச்சல் இருந்தால் அளவு பிழைக்கும் என்பது உண்மைதான். அதை ஒரு நாள் முன்னதாக யாராவது போனில் சொல்லியிருக்கலாம் அல்லவா? இனிமேல் துண்டு கிடைத்தவர்கள் அதை எங்களிடம் காட்டுங்கள். முதல் நாள் நாங்களே கூப்பிட்டு விசாரித்துச் சொல்வோம். அரைப்பேராவது போட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். தலைவர்மாரும் அடுத்த பேச்சில் இதை எடுத்தால் எங்களுக்குப் பலமாக இருக்கும். பரிசோதனைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, போக்குவரத்தும் ஒரு நாள் சம்பளமும்தான் பிரச்சினை.

அதற்கு முன்னே செலவில்லாத ஒரு வேலை. இன்றைக்கு இராத்திரி, குறட்டை விடும் பிள்ளையின் சட்டையை உயர்த்திவிட்டு, நெஞ்சும் வாயும் தெரிய, போனில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். விளக்கைப் போட்டுப் பிடியுங்கள், சத்தமும் விழ வேண்டும். வாயால் பத்துத் தடவை விளக்கிச் சொல்வதைவிட டொக்டர் அதைப் பார்த்து அதிகம் விளங்கிக்கொள்வார். நல்ல போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுத் தம்பிமாரிடம் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் இதே பிள்ளைக்காம்பராவில் ஐந்து வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் நிறையும் மூச்சு எண்ணிக்கையும் பார்க்கிறோம். கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். இழுப்புப் பிள்ளைகள் பம்ப்பையும் அதன் குழாயையும் கொண்டுவரட்டும், சரியாகப் பாவிக்கிறார்களா என்று பார்க்கலாம். கீழ்ப் பிரிவுக்காரருக்கு லொறி இரண்டு மணிக்குக் கோயிலடிக்கு வரும்.

இப்போது மருத்துவிச்சி அம்மா எண்ணிக் காட்டப்போகிறார். முன் வரிசையில் அக்காவின் மடியில் நல்ல தூக்கத்தில் இருக்கிறதே ஒரு குழந்தை, அதன் சட்டையைக் கொஞ்சம் உயர்த்துங்கள் அம்மா. எல்லோரும் போனில் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் எண்ணுவோம்.